சிபில் ரிப்போர்ட்டில் (கடன் வரலாற்று அறிக்கை) தவறு: திருத்துவதற்கான 30 நாள் கணக்கு எப்போது தொடங்கும்?

திருப்பூர், கணக்கு எழுதுபவர்:
பனியன் கம்பெனி வைத்திருப்பவர்களின் ரிப்போர்ட்டில் அதிகம் கண்ணில் படும் தவறு, கட்டி முடித்த மெஷின் லோன் இன்னும் 'ஆக்டிவ்' என்று நிற்பது. பலர் கிளையில் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அதற்குத் தேதியும் இல்லை, ஆதாரமும் இல்லை. ரிப்போர்ட்டில் உள்ள கன்ட்ரோல் நம்பரோடு (அந்த ரிப்போர்ட்டின் அடையாள எண்) ஆன்லைனில் டிஸ்ப்யூட் (தவறைத் திருத்தக் கோரும் புகார்) போட்டு, என்ஓசியை (கடன் பாக்கி இல்லை என்ற வங்கிச் சான்று) வைத்து வங்கிக்கும் மெயில் அனுப்புங்கள். 30 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவிலேயே இந்த 30 நாள் இருக்கிறது. இழுத்தடித்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் அதில் இல்லை. 2023 அக்டோபர் 26 சுற்றறிக்கையில்தான் ரிசர்வ் வங்கி, 30 நாளைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று வைத்தது. 2024 ஏப்ரல் கடைசியில் அமலுக்கு வந்தது. வங்கிக்கு 21 நாள், மிச்சம் 9 நாள் சிபில் போன்ற நிறுவனத்துக்கு. யாரிடம் தங்கியதோ அவர் கட்ட வேண்டும். புகாரில் வங்கிக் கணக்கு எண்ணையோ யூபிஐ ஐடியையோ கட்டாயம் எழுதுங்கள். தீர்ந்து 5 வேலை நாளுக்குள் பணம் வர வேண்டும். ஸ்கோர் ஏன் குறைந்தது என்ற சண்டைக்கு இந்தப் பணம் கிடையாது.

ஈரோடு:
அடுத்தவர் கடன் நம்ம பேர்ல ஏறுறதுதாங்க பெரிய தலைவலி. நம்ம பக்கம் ஒரே பழனிசாமி, ஒரே இனிஷியல், பக்கத்துப் பக்கத்து ஊரு. இதுக்கு 'ஓனர்ஷிப்' டிஸ்ப்யூட்தான், அதாவது இந்தக் கடனே என்னுது இல்லைன்னு போடோணும். பாக்கித் தொகை தப்புன்னு போட்டீங்கன்னா, வங்கி தன்னோட லெட்ஜரைப் பாத்துத் தொகை சரின்னு சொல்லிரும், புகாரும் மூடிரும். கடன் விண்ணப்பம், அதுல இருக்கற கையெழுத்து, பான் நகல் எல்லாத்தையும் காட்டச் சொல்லி எழுத்துல கேளுங்க. மறுத்தா காரணம் சொல்லோணும்னு அதே சுற்றறிக்கையில இருக்குதுங்க.

என்னைக் கேட்டா, சட்டத்துல இன்னும் ஓட்டை இருக்குது. எத்தனை நாள்னு சொல்லுது, எதைப் பாத்து விசாரிக்கோணும்னு சொல்லலை. கடன் கொடுத்தவனே 'சரி'ன்னுட்டா சிபில் தானா மாத்தாது. மூல ஆவணத்தைப் பாக்காம புகாரை மூடக்கூடாதுன்னு விதி வந்தே ஆகோணும்.

நாமக்கல்:
லாரி பைனான்ஸுக்கு ஜாமீன் போட்டவங்க ரிப்போர்ட்ல அந்தக் கடன் வர்றது தப்பு இல்லைங்க. கடன்காரர் தவணை தவறுனா ஜாமீன்தாரருக்கும் அடி விழும். 'செட்டில்டு'ன்னு (முழுசாக் கட்டாம, குறைச்சுப் பேசி முடிச்ச கடன்) இருக்கறதும் பெரும்பாலும் உண்மைதான். டிஸ்ப்யூட் போட்டு அழியாது. தள்ளுபடி பண்ணுன மிச்சத்தைக் கட்டி, நோ டியூ வாங்கி, 'குளோஸ்டு'ன்னு மாத்திக் கேட்கோணும்.

சிபில்ல திருந்திருச்சுன்னு விட்டுராதீங்க. சிபில் மாதிரியே ரிப்போர்ட் தர்ற எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் மூணையும் பாருங்க, வருசத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஒவ்வொண்ணுலயும் இலவசம். மகளிர் குழுக் கடன்னா ஹை மார்க்கை மொதல்ல. 30 நாள் தாண்டியும் பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) சிஎம்எஸ்ங்கற ரிசர்வ் வங்கியோட புகார் இணையதளத்துல போடுங்க. மொதப் புகாரோட நம்பரும் தேதியும் அதுல கேப்பாங்க.