புதுப்பிப்பு: பள்ளி மதிலோரம் குப்பை எரிப்பு – வாசகர் கடிதம் வெளிவந்தது

பள்ளி மதிலோரம் குப்பை எரிப்பது பற்றி நாளிதழுக்கு இரண்டு முறை எழுதியும் கடிதத்தை ஏன் போடவில்லை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றாவது கடிதம் அச்சில் வந்துவிட்டது.

பலித்தது "ஒரு கடிதம், ஒரு கோரிக்கை" என்ற யோசனைதான். பழைய கடிதங்கள் 400 சொல்லைத் தாண்டின. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் அதில் கலந்து கிடந்தன. இம்முறை 140 சொல். முதல் வரியிலேயே தெருவும் புகை எழும் நேரமும். அடுத்து, தெருவில் குப்பை எரிப்பதைத் தடுக்கும் திடக்கழிவு மேலாண்மை விதிகள். முடிவில், "அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்ற வழக்கமான வரிக்குப் பதிலாக, "சுகாதார ஆய்வாளர் காலை 6 மணிக்குள் குப்பை வண்டி அனுப்ப வேண்டும்" என்று எழுதினேன். பொதுவாகக் கேட்டால் யாரும் தன்னைக் கேட்டதாக எடுத்துக்கொள்வதில்லை.

கடிதத்தைப் படமாக இணைக்காமல் மின்னஞ்சலிலேயே யூனிகோடில் (எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற எழுத்து முறை) தட்டச்சு செய்து, முழு முகவரியும் கைபேசி எண்ணும் கொடுத்தேன். சரிபார்க்க அழைத்தார்கள்.

எதிர்பாராதது: குப்பை அள்ளும் ஒப்பந்ததாரரைக் குறைசொன்ன வரியை நீக்கிவிட்டார்கள். ஆதாரம் இணைக்காதது என் தவறு, வெட்டியதே சரி.

இப்போது வண்டி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் புகைகிறது.