இரவு எட்டு மணிக்கு மேல் டோரண்ட் மட்டும் ஏன் படுத்துக்கொள்கிறது?

கொளத்தூர் கார்த்தி · இரவு 9:52
மூன்று வாரம் கவனித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர், அதாவது நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி. பகலில் டோரண்ட் (ஒரே கோப்பைப் பலருடைய கணினிகளிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறை) நொடிக்கு 10 எம்பி வரை ஓடுகிறது. இரவு எட்டு ஆனதும் 70 கேபிக்கு விழுந்துவிடும். நள்ளிரவு தாண்டினால் தானாக எழுந்துகொள்ளும். அதே நேரத்தில் யூடியூபும் ஸ்பீடு டெஸ்ட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன.

நேற்று ஒரே உபுண்டு ஐஎஸ்ஓவை (இலவச இயங்குதளத்தை நிறுவும் கோப்பு) இரண்டு வழியாக இறக்கினேன். தளத்திலிருந்து நேரடியாக இறக்கியது பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. டோரண்டைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் 4 சதவீதம். கஸ்டமர் கேரில் "மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றார்கள். பண்ணினேன், அதே 70தான். வேண்டுமென்றே அமுக்குகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அம்பத்தூர் சேகர் · இரவு 10:20
கார்த்தி தம்பி, நான் இதே தொழிலில் இருப்பவன். எந்த கம்பெனி என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

உங்கள் தெருவுக்கு வரும் ஜிபான் லைனில் (பல வீடுகள் பகிரும் ஃபைபர்) ஒரு போர்ட்டுக்கு இறங்குவது சுமார் 2.5 ஜிபிபிஎஸ், ஏறுவது அதில் பாதி. அதை ஸ்ப்ளிட்டர் போட்டு 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிறோம். 64 வீடும் சேர்ந்து அப்லோடு செய்தால் ஆளுக்கு 20 எம்பிபிஎஸ்கூடத் தேறாது. டோரண்ட் இறக்கும்போதே ஏற்றவும் செய்கிறது, நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொள்கிறது. முகப்பேரில் ஒரு அப்பார்ட்மெண்டில் ஒரு பையன் டோரண்டை சீட் போட்டுவிட்டு, அதாவது மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும்படி விட்டுவிட்டு, ஊருக்குப் போய்விட்டான். மூன்றாம் மாடி அம்மாவுக்கு வெளிநாட்டில் இருக்கும் மகளோடு பேசும் வீடியோ கால் வார்த்தைக்கு வார்த்தை அறுந்தது. இரவு பதினோரு மணிக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்.

உங்கள் சோதனையிலும் ஓட்டை இருக்கிறது. யூடியூப் சென்னையிலேயே நகல் சேமித்து வைத்திருக்கும் கேஷிலிருந்து வரும், அந்த ஐஎஸ்ஓவும் பக்கத்து மிரரிலிருந்து (நகல் சர்வர்) வந்திருக்கலாம். டோரண்ட் பியர்கள், அதாவது கோப்பைப் பகிரும் மற்ற பயனர்கள், எங்கெங்கோ இருப்பார்கள். சிஜிநாட் வேறு இருக்கிறது, அதாவது பல வீடுகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. உங்களுக்கென்று தனிப் பொது ஐபி இல்லாததால் வெளியிலிருந்து யாரும் உங்களை வந்து தொட முடியாது.

கொளத்தூர் கார்த்தி · இரவு 10:41
சேகர் அண்ணா, சிஜிநாட் பகலிலும் இருக்கிறதே, பகலில் மட்டும் எப்படி 10 எம்பி வருகிறது? வெளி லைன் நெரிசல் என்கிறீர்களா? இப்போதே இன்னொரு சோதனை செய்துவிட்டேன். சிங்கப்பூர் சர்வர் வழியாக விபிஎன் (உள்ளே போவது என்னவென்று தெரியாமல் மறைத்து அனுப்பும் வழி) போட்டு அதே டோரண்டை ஓட்டினேன். நொடிக்கு 8 எம்பி. கடல் தாண்டிப் போய்வருகிற பாதை நெரிசலாக இருந்தால் இதுவும் படுத்திருக்க வேண்டும். உள்ளே போவது டோரண்ட் என்று தெரியாதபோது ஓடுகிறது, தெரிந்தால் நிற்கிறது.

கோடம்பாக்கம் எடிட்டர் · இரவு 10:58
உபுண்டு, உபுண்டு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எத்தனை பேர் வீட்டில் டோரண்ட் அதற்காக ஓடுகிறது? நாங்கள் எட்டு மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்து வெட்டி ஒட்டிய படம், வெள்ளிக்கிழமை மதியக் காட்சி முடிவதற்குள் டோரண்டில் வந்துவிட்டது. அந்தத் தயாரிப்பாளரிடமிருந்து என் அசிஸ்டெண்டுக்கு இன்னும் பாதிச் சம்பளம் வரவில்லை. வேகத்தை அமுக்கினால் அமுக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

மயிலாப்பூர் பானு · இரவு 11:15
எடிட்டர் சார், உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் திருட்டுப் படத்தைத் தடுக்க நீதிமன்றம் இருக்கிறது. 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ஜான் டோ உத்தரவை (பெயர் தெரியாதவர்களுக்கு எதிரான தடை) காட்டி இணைய நிறுவனங்கள் முழுத் தளங்களையே மூடின. படத்தோடு சம்பந்தமே இல்லாத விமியோ என்ற வீடியோ தளமும் சேர்ந்து அடைபட்டது. அந்த ஜூனில், குறிப்பிட்ட இணைப்புகளை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நீதிமன்றமே அவ்வளவு கவனமாகப் பிரிக்கும்போது, ஒரு நிறுவனம் யாரையும் கேட்காமல் டோரண்ட் போன்ற ஒரு நெறிமுறையையே (புரோட்டோகால்) நெரிப்பது எப்படிச் சரி?

சட்டமும் தெளிவாக இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 நவம்பரில் பரிந்துரைத்தது, 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை அதை ஏற்றது, பிறகு இணைய நிறுவனங்களின் உரிம நிபந்தனையில் சேர்த்தது. உள்ளடக்கத்தையோ செயலியையோ நெறிமுறையையோ பார்த்து வேகத்தைக் குறைப்பது பாகுபாடு. நெரிசலைச் சமாளிக்க இடம் உண்டு, ஆனால் அது அளவோடும் தற்காலிகமாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். மூன்று வாரமாகத் தினமும் எட்டு மணிக்கு நடப்பது தற்காலிகமா? கார்த்தியிடம் யாராவது சொன்னார்களா?

திருவொற்றியூர் டீச்சர் · இரவு 11:24
எங்கள் பள்ளிக் கணினி அறையில் இணையம் கிடையாது. இணையம் இல்லாமலே விக்கிப்பீடியா படிக்க உதவும் கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதில் தேடிப் படிக்கிறார்கள். டோரண்டில் இறக்கினால் கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், துண்டு துண்டாகச் சரிபார்த்துக்கொள்ளும், அதனால்தான் அதில் இறக்குகிறேன். எனக்கு நேரம் கிடைப்பதே இரவு எட்டு மணிக்கு மேல்தான்.

அம்பத்தூர் சேகர் · இரவு 11:40
பானு மேடம், அமெரிக்காவிலேயே காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனம் டோரண்டை இப்படி அமுக்கியது. அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2008இல் கண்டித்தது, 2010இல் அப்பீல் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மயிலாப்பூர் பானு · இரவு 11:52
சொல்கிறேன். எஃப்சிசிக்கு அந்த அதிகாரம் இருப்பதாகக் காட்டவில்லை என்றுதான் அந்தத் தீர்ப்பு சொன்னது. செய்தது சரி என்று சொல்லவில்லை. இங்கே அந்தத் தடை உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. காம்காஸ்ட் செய்ததையும் பாருங்கள். இணைப்பின் மறுமுனையிலிருந்து வருவது போலப் பொய்யான ரீசெட் பாக்கெட் (இணைப்பை முடித்துக்கொள் என்னும் சமிக்ஞை) அனுப்பி இணைப்பை அறுத்தது. 2007இல் ஒரு பயனர் வீட்டில் உட்கார்ந்தே அதைக் கண்டுபிடித்தார். முதலில் மறுத்த நிறுவனம், பிறகு அந்த முறையையே கைவிட்டு, நெரிசல் நேரத்தில் யார் அதிகம் இழுக்கிறார்களோ அவர்களுடைய லைனை மட்டும் சற்று நேரம் பின்னுக்குத் தள்ளும் முறைக்கு மாறியது. என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. நீங்களும் அதைச் செய்யலாமே?

அம்பத்தூர் சேகர் · இரவு 12:08
செய்யலாம். ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு போட்டால் முகப்பேர் அம்மாவுக்கும் கால் அறுந்திருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 100 என்று விளம்பரம் போட்டுவிட்டு இரவில் 30 என்று வெளிப்படையாக எழுத எந்த முதலாளி சம்மதிப்பார்? டோரண்டை அமுக்கினால் கேட்பவர் நூற்றில் இரண்டு பேர். எல்லோருக்கும் குறைத்தால் நூறு பேரும் கேட்பார்கள். தம்பி, கஸ்டமர் கேரில் வாயால் சொல்லிவிட்டு விடாதீர்கள். புகார் எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். விபிஎன் போட்டும் போடாமலும் ஒரே கோப்பு, ஒரே நேரம், ஏழு நாள் ஸ்கிரீன்ஷாட். அதுதான் எங்களுக்கு வலிக்கும்.

கொளத்தூர் கார்த்தி · இரவு 12:31
எழுதுகிறேன் அண்ணா. இன்றைக்கான இரண்டு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிட்டேன். டீச்சர், உங்கள் கோப்பின் பெயரை அனுப்புங்கள், ஏழு நாளும் அதை வைத்தே சோதிக்கிறேன். இப்போது மணி பன்னிரண்டரை, விபிஎன் இல்லாமலே 9.6 எம்பி ஓடுகிறது.