12-இல் எட்டிப் பார்த்த ஸ்க்ரூ: பாக்கெட் ஹோல் ஜிக் அனுபவங்கள்

மரத்தூள்:
ஷூ ரேக் வேலை. பக்கப் பலகை 18 மி.மீ. பிளைவுட், தட்டு 12. ஜிக்கும் (பலகையில சாய்வாத் துளை போட்டு, விளிம்பு வழியா அடுத்த பலகைக்குள்ள ஸ்க்ரூ இறக்க உதவுற வழிகாட்டி) காலரும் (டிரில் பிட் எவ்வளவு ஆழம் இறங்கலாம்னு நிறுத்துற வளையம்) 18-லயே இருக்க, தட்டுக்கும் அதே துளை போட்டாச்சு. 32 மி.மீ. ஸ்க்ரூ இறங்குது, கடைசி ரெண்டு சுத்துல 'டப்'னு சின்னச் சத்தம். தட்டோட மேல் முகம், விளிம்புக்குப் பக்கத்துல, கொப்புளம் மாதிரி எழும்பிடுச்சு. இன்னும் அரைச் சுத்துல ஸ்க்ரூவோட மரை கண்ணுக்கே தெரிஞ்சது. எட்டு துளையில ஆறு இப்படி.

பலகைக்காரன்:
ஸ்க்ரூ நீளம் ஜாஸ்தி, அவ்வளவுதான். 25 மி.மீ. போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.

கோணமானி:
அது சரியில்லை. ஸ்க்ரூ எங்கே வெளியே வரும் என்பதை நீளம் முடிவு செய்யாது, ஜிக்கின் உயரம்தான் முடிவு செய்யும். வழிகாட்டிக் குழாய் 15 டிகிரி சாய்வு. விளிம்பை நோக்கி 10 மி.மீ. நகர்ந்தால் 2.7 மி.மீ. ஆழம் இறங்கும். 18-க்கு வைத்த ஜிக்கில் துளையின் மையக்கோடு விளிம்பில் 9 மி.மீ. ஆழத்தில் வரும். 18 பலகைக்கு அது நட்டநடு. 12 பலகைக்கோ மறுபக்கம் 3 மி.மீ. மட்டுமே மிச்சம். ஸ்க்ரூ தண்டு 4 மி.மீ. என்றால் அதில் பாதியும் போய் 1 மி.மீ. மரம். பிளைவுட்டில் அது ஒரே ஒரு அடுக்கு. 25 மி.மீ. ஸ்க்ரூ போட்டாலும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கொப்புளம் வரத்தான் செய்யும்.

தலைகீழாகச் செய்தால் (12-க்கு வைத்து 18-ஐத் துளைத்தால்) ஸ்க்ரூ 6 மி.மீ. ஆழத்தில் வெளிவரும். பிடிப்பு நடுவில் இராது, ஆனால் எதுவும் உடையாது. இரண்டு அளவுகளுக்கு நடுவே தடிமன் மாட்டினால் கீழ் அளவை எடுக்கச் சொல்வது இதனால்தான்.

இழைப்புளி:
நம்ம கதை காலர். சமையலறைக் கேபினட், நாற்பது துளைக்கு மேல. இருபத்தஞ்சாவது துளை வாக்கில மரத்தூளோட பளபளன்னு வெள்ளிப் பொடி கொட்டுது. காலரைப் பிட்டுல பிடிச்சு நிறுத்துற ஆலன் ஸ்க்ரூ அதிர்வுல தளர்ந்து, பிட் கொஞ்சம் கொஞ்சமா ஆழமாப் போய், நுனி ஜிக்கோட அலுமினிய அடியைத் தோண்டியிருக்கு. முனை மழுங்கினதோட, கடைசி அஞ்சாறு துளையில ஸ்க்ரூ தலை உட்காருற படியும் மெலிஞ்சுபோச்சு. இறுக்கினா தலை மரத்தைப் பிளந்துட்டு உள்ளே போகுது.

காலரை ஒட்டி பிட்டுல மார்க்கர் கோடு ஒண்ணு போட்டு வைங்க. பத்துத் துளைக்கு ஒருமுறை கோட்டைப் பாருங்க.

பழைய ரம்பம்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அளவு வைப்பதில் நாலு இடத்தில் தப்பு நடக்கிறது.

கடைக்காரர் சொல்லும் தடிமனை நம்பாதீர்கள், காலிப்பரில் அளந்து பாருங்கள். 18 என்று வாங்கிய பிளைவுட் பல சமயம் 17-ஐ ஒட்டி நிற்கும். இருபுறமும் 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் அதே பலகை 19-க்கு ஏறிவிடும். மைக்கா ஒட்டிய பிறகுதான் துளை என்றால் ஒட்டிய தடிமனுக்கே ஜிக்கை வையுங்கள்.

வழிகாட்டி உயரம், காலர் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். காலரைச் சரிபார்க்க, பிட்டைக் கடைசிவரை இறக்கி, நுனிக்கும் ஜிக் அடிக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நாலு ஏ.டி.எம். கார்டை அடுக்கினால் ஏறக்குறைய அந்தக் கனம்.

ஸ்க்ரூ நீளம்: 12, 16 மி.மீ. பலகைக்கு 25 மி.மீ.; 18, 19-க்கு 32; 25-க்கு 38; 38 மி.மீ. கட்டைக்கு 64. தடிமன் வேறுபட்டால் மெல்லியதற்கு ஏற்ற ஸ்க்ரூ. பிளைவுட், எம்.டி.எஃப்., பைன் மரத்துக்கு அகல மரை. தேக்கு போன்ற கடின மரத்துக்கு நெருக்க மரை. தலையின் அடி தட்டையாக இருக்க வேண்டும். ஜிப்சம் போர்டுக்குப் போடும் கருப்பு ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். அதன் கூம்புத் தலை ஆப்பு மாதிரி இறங்கி மரத்தைப் பிளந்துவிடும்.

டிரில்லை வேகமாக ஓட்டுங்கள், பிட்டை மெதுவாக இறக்குங்கள், நடுவே இரண்டு தடவை வெளியே எடுத்துத் தூளைக் கொட்டுங்கள். ஸ்க்ரூ முடுக்கும்போது இதற்கு நேர்மாறு: டிரில்லின் கிளட்சை (முறுக்கு விசையைக் கட்டுப்படுத்தும் வளையம்) குறைவாக வைத்து மெதுவாக. பிறகு கிளாம்ப். சாய்வாக இறங்கும் ஸ்க்ரூ பலகையைத் தள்ளும். மூட்டின் மேலேயே கிளாம்ப் பிடிக்காவிட்டால் அரை மி.மீ. படி விழும்.

பலகைக்காரன்:
நாலு தப்புன்னு ஆரம்பிச்சு ஏழெட்டு சொல்லிட்டீங்க. கணக்கு புரிஞ்சுது, நீளத்தைப் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா காலர் ஆலன் ஸ்க்ரூவை ரொம்ப முறுக்காதீங்க, மரை போயிடும். அது பிட்டோட தட்டை முகத்துல உட்கார்ந்தா லேசா இறுக்கினாலே நிக்கும்.

மரத்தூள்:
தட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பழைய துளையிலிருந்து 25 மி.மீ. தள்ளி, ஜிக்கும் காலரும் 12-ல வச்சு, புதுத் துளை, 25 மி.மீ. ஸ்க்ரூ. வேஸ்ட் துண்டுல ஒண்ணு போட்டுப் பார்த்தாச்சு, நடுவுல வருது. கொப்புளத்துக்குள்ள சிரிஞ்ச் வழியா ஃபெவிகால் ஏத்தி, மேல பாலித்தீன் தாள், அதுக்கு மேல கட்டை, கிளாம்ப். காலையிலதான் கழட்டணும்.