காறல் அடித்த தேங்காய் எண்ணெயை என்ன செய்யலாம்?

வணக்கம். எங்கள் வீட்டு மரத்துக் காயைக் கொப்பரையாக்கி, அம்மா செக்கில் ஆட்டி அனுப்பிய எண்ணெய், 5 லிட்டர். கொப்பரையில் ஈரம் இருந்திருக்கிறது போல, இரண்டே மாதத்தில் காறல் வாடை வந்துவிட்டது. சமையலுக்கும் தலைக்கும் இனி ஆகாது. கொட்டவும் மனசு வரவில்லை.

வாழைப்பூ ஆயும்போது கையில் தடவிக்கொள்கிறேன், கறை ஒட்டுவதில்லை. கதவுக் கீலுக்கு விட்டுப் பார்த்தேன். நாளானதும் பிசுபிசுத்துத் தூசி சேர்ந்துவிட்டது, சரிப்படவில்லை.

வீட்டில் சோப்பு காய்ச்சியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 1 கிலோ எண்ணெய்க்குக் காஸ்டிக் சோடா எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதனால் பாதுகாப்பாகச் செய்யும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். அப்புறம், விளக்குக்கு ஊற்றினால் வாடை அடிக்குமா?