புதுப்பிப்பு: ரெண்டு 970 கிராபிக்ஸ் கார்டை கழட்டியாச்சு, ஒரே 3060 போட்டாச்சு

போன தடவை கேட்டது இதுதான்: எஸ்எல்ஐயில (ரெண்டு கார்டை ஜோடி சேர்த்து ஓட்டுற என்விடியா முறை) ஓடுற ரெண்டு ஜிடிஎக்ஸ் 970-ஐ வெச்சுக்கலாமா, வித்துட்டு புதுசா ஒண்ணு வாங்கலாமா? "ரெண்டும் சேர்ந்தா மெமரி 8 ஜிபி ஆச்சே, விடாத"ன்னு ஒரு அண்ணன் சொல்லியிருந்தார். இல்லண்ணா, சேராது. ஒரே டேட்டாதான் ரெண்டு கார்டுலயும் தனித்தனியா உக்காரும்; கேமுக்குக் கிடைக்கிறது 4 ஜிபிதான். அதுலயும் 970-ல கடைசி அரை ஜிபி மந்தம், அது ஊரறிஞ்ச கதை. 2021 ஜனவரியிலிருந்து என்விடியா புது எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (ஒரு கேமை ரெண்டு கார்டுலயும் ஓடவைக்கிற டிரைவர் செட்டிங்) சேர்க்கிறதும் நின்னுபோச்சு. புது கேம் போட்டா பெரும்பாலும் ரெண்டாவது கார்டு சும்மா குந்திக்கினு இருக்கும்.

முதல்ல 4060 தான் மனசுல இருந்துச்சு, 115 வாட்தானே. ஆனா அது போர்டோட டேட்டா பரிமாறுறது எட்டு லேன்லதான் (டேட்டா போற பாதை), என் போர்டு பழைய பிசிஐஇ 3.0, அதுல ஒவ்வொரு லேனும் 4.0-ஐ விட பாதி வேகம்தான். மெமரியும் 8 ஜிபிதான். அதனால ரிச்சி ஸ்ட்ரீட்ல 12 ஜிபி 3060 எடுத்துட்டேன். பழைய ஜோடி 290 வாட், இது 170. தண்டையார்பேட்டையில மொட்டைமாடி ரூம், மேல தகர ஷீட்டு, மே மாசம்... ஃப்ரேம் ரேட்டை விட எனக்கு சூடு கம்மியாகிறதுதான் முக்கியம். பவர் சப்ளை மாத்தல.

ஒரு 970 தம்பி சிஸ்டத்துக்குப் போயிடுச்சு. இன்னொண்ணு வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, ஓட்டிப் பாத்துட்டே எடுத்துக்கலாம்.