புதுப்பிப்பு: செயலிச் சந்தா நிறுத்துவது பற்றிய என் பழைய இழையில் ஒரு திருத்தம்

‘செயலியை அழித்தால் கட்டணமும் நிற்கும்’ என்று முன்பு எழுதியிருந்தேன். அது பிழை. அழித்தாலும் சந்தா ஓடிக்கொண்டே இருக்கும், வங்கி அட்டையிலிருந்து காசும் போகும்.

அன்ட்ரொயிட்டில் கூகுள் பிளேயைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தை அழுத்துங்கள். கொடுப்பனவுகளும் சந்தாக்களும் என்ற பகுதிக்குள் சந்தாக்கள் இருக்கும். அங்கேதான் ரத்து செய்யவேண்டும். கட்டிய காலம் முடியும்வரை செயலி வேலை செய்யும்.

உவர்மலையிலிருந்தும் மூதூரிலிருந்தும் கேட்டவர்களுக்கு ஒரே சிக்கல்: பட்டியல் வெறுமையாக இருக்கிறது. பெரும்பாலும் காரணம் போனில் இரண்டு ஜிமெயில் கணக்குகள் இருப்பதுதான். போன் வாங்கிய கடையிலேயே திறந்து தந்த ஒன்று, பிறகு நீங்கள் திறந்த இன்னொன்று. படத்தை அழுத்திக் கணக்கை மாற்றிப் பாருங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகக் கட்டியிருந்தால் இங்கே வரவே வராது, அங்கேயே போய் நிறுத்தவேண்டும்.

ஐபோனில் இலவசக் காலம் முடிய 24 மணித்தியாலத்துக்கு முன்பே ரத்து செய்யவேண்டும். கடைசி நாள் இரவு என்று விட்டால் காசு போய்விடும்.

‘வருடச் சந்தா மலிவு’ என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 4.99 டொலர், வருடம் 29.99 என்றால், 7 மாதமாவது பாவித்தால்தான் இலாபம். பரீட்சைக்காக 3 மாதம் பாவிக்கும் செயலிக்கு மாதக் கட்டணமே போதும். டொலரை ரூபாயாக்கும்போது வங்கி தன் பங்கையும் சேர்க்கும், அதையும் மறக்கவேண்டாம்.

தவறுதலாகக் காசு கட்டிவிட்டால், கூகுள் பிளேயில் 48 மணித்தியாலத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.