புரூன் கட்டளைக்கு 'கவ்வாத்து' சரிவருமா?

அட்டனிலிருந்து:

வணக்கம். கோப்புகளுக்குக் காப்பெடுக்கும் நிரலான ரெஸ்டிக்கின் உதவிக் குறிப்புகளை நாம் தமிழாக்குவதில் பெரும்பாலான சொற்கள் நிலைத்துவிட்டன. பேக்கப் என்றால் காப்பு, ரெப்போசிட்டரி என்றால் களஞ்சியம், ஸ்னாப்ஷொட் என்றால் நிலைப்பதிவு, ரிஸ்டோர் என்றால் மீட்டல். (தட்டும் கட்டளை ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். நாம் தமிழாக்குவது விளக்கத்தை மட்டும்.) இழுபறியாக நிற்பவை ஃபோர்கெட்டும் புரூனும். இரண்டுக்கும் 'அழித்தல்' என்று எழுதிவிட்டுப் போக முடியாது.

ஃபோர்கெட் நீக்குவது நிலைப்பதிவை மட்டுமே. அதாவது, இன்ன நேரத்தில் இன்னின்ன கோப்புகள் இருந்தன என்ற குறிப்பை. தரவு களஞ்சியத்தில் அப்படியே கிடக்கும், சொல்லும்படி இடம் மிஞ்சாது. எந்த நிலைப்பதிவுக்கும் தேவைப்படாத தரவுத் துண்டுகளைத் தேடிக் களைவது புரூன். ஃபோர்கெட் செய்த பிறகும் வன்தட்டு நிறைந்தே இருக்கிறதே என்று கேட்பவர்களைக் குழப்பியது இந்த ஒற்றை 'அழித்தல்'தான்.

என் முன்மொழிவு: ஃபோர்கெட்டுக்குப் பேர்வெட்டு, புரூனுக்குக் கவ்வாத்து (தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடுவது).

பண்டாரவளையிலிருந்து:

> புரூனுக்குக் கவ்வாத்து

அண்ணன், சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவ்வாத்து வெட்டிய தேயிலை திரும்பத் துளிர்க்கும், புரூன் செய்த துண்டு துளிர்க்காது. 'பிறகு எடுத்துக்கொள்ளலாம்' என்று புதிதாகப் படிப்பவர் நம்பிவிட்டால்? 'கழிவகற்றல்' என்று நேராகச் சொல்லிவிடலாமே.

பேர்வெட்டு வேண்டவே வேண்டாம். தோட்டத்தில் அதைக் கேட்டால் அன்றைய சம்பளம் போய்விட்டது என்றுதான் காதில் விழும்.

அட்டனிலிருந்து:

பேர்வெட்டை விட்டுவிடுகிறேன், நீங்கள் சொல்வது நியாயம். 'பெயர்நீக்கம்' போதும்.

கவ்வாத்தை விட மனமில்லை. துளிர்ப்பது செடி, வெட்டி விழுந்த கிளை அல்ல. இங்கே செடி என்பது களஞ்சியம். 'கழிவு' என்பதுதான் உண்மையில் பிழை: புரூன் களைவது நேற்றுவரை மீட்கக்கூடியதாக இருந்த தரவு. அதைக் கழிவு என்று ஆக்கியது, எந்த நிலைப்பதிவுகளை வைத்திருப்பது என்று ஃபோர்கெட்டுக்கு நாம் கொடுத்த விதி.

இன்னொன்றும் பொருந்துகிறது. கவ்வாத்தை யாரும் தினமும் வெட்டுவதில்லை, மலைக்கு மலை முறை வைத்துச் சில ஆண்டுகளுக்கு ஒருதடவைதான் வெட்டுவார்கள். வெட்டிய மலையில் கொஞ்ச காலம் கொழுந்து எடுக்க முடியாது. புரூனும் அப்படியே: ஓடி முடியும்வரை வேறு வேலை எதுவும் நடக்காதபடி களஞ்சியத்தைத் தனிப்பூட்டுப் போட்டு வைத்திருக்கும். அந்த நேரம் இரவுக் காப்பு தொடங்கினால் பூட்டைக் கண்டு நின்றுவிடும். காப்புக் கட்டளையில் --ரீட்ரை-லொக் 30எம் சேர்த்தால் அரை மணி நேரம் காத்திருந்து பார்க்கும் (0.16 பதிப்பிலிருந்து உண்டு). காப்பை இரவுதோறும், கவ்வாத்தை மாதம் ஒருமுறை என்று நேரம் பிரித்து வைப்பதே மேல்.

தலவாக்கலையிலிருந்து:

எனக்குக் கவ்வாத்து சம்மதம். ஆனால் சொல்லை மட்டும் கலைச்சொல் பட்டியலில் போட்டால் போதாது. விளக்கத்தில் வர வேண்டியவை இவை.

ரெஸ்டிக் கோப்புகளை 512 கிபி (கிபிபைட்) முதல் 8 மெபி (மெபிபைட்) வரையான துண்டுகளாக வெட்டுகிறது, சராசரி 1 மெபி அளவில் இருக்கும். துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் பொதி ஏறத்தாழ 16 மெபி. ஒரு பொதியில் பாதி தேவை, பாதி தேவையில்லை என்றால், தேவையான பாதியைப் புதுப் பொதியில் எழுதிய பிறகே பழையது போகும். ஆகவே கவ்வாத்துக்கும் வெற்றிடம் தேவை. தட்டு முழுதாக நிறையும்வரை காத்திருந்து ஓட்டினால் ஓடாமல் நின்றுபோகும். முடிந்த பிறகும் பயனற்ற தரவு 5% வரை மிஞ்சும், அது இயல்பிருப்பு அமைப்பு (--மெக்ஸ்-அன்யூஸ்ட்).

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி இடித்தால் நம் பக்கம் கரண்ட் நிற்பது வழக்கம். கவ்வாத்தின் நடுவில் நின்றாலும் தரவு போகாது. புதுப் பொதியும் அட்டவணையும் எழுதப்பட்ட பின்புதான் பழையதை நீக்கும் என்பதால், மிஞ்சுவது இரட்டிப்புத் துண்டுகளும் ஒரு பழைய பூட்டும்தான். 'ரெஸ்டிக் அன்லொக்' கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம். --ரிமூவ்-ஓல் மட்டும் வேண்டாம், வேறொரு கணினி உண்மையாகவே வேலை செய்துகொண்டிருந்தால் அதன் பூட்டும் போய்விடும்.

அதிகம் ஏமாற்றுவது பெயர்நீக்க விதி. --கீப்-டெய்லி 7 என்பது கடந்த ஏழு நாட்காட்டி நாட்கள் அல்ல, நிலைப்பதிவு இருக்கும் கடைசி ஏழு நாட்கள். கணினி இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தாலும் பழையவை தானாகக் கழியாது. இரண்டாவது, விதி கணினிப் பெயரையும் காப்பெடுத்த பாதையையும் சேர்த்துக் குழு பிரித்தே வேலை செய்யும். செக்ரோல் (தோட்டச் சம்பளப் பதிவேடு) கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றினால் அது புதுக் குழு. பழைய குழுவில் புதிதாக எதுவும் சேராததால் அதன் கடைசி ஏழும் என்றைக்கும் அப்படியே நிற்கும். --குரூப்-பை ஹோஸ்ட் கொடுத்தால் பாதையைப் பார்க்காது. எப்படியும் முதலில் --ட்ரை-ரன் போட்டு எவை போகும், எவை நிற்கும் என்று பார்த்துவிட வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து:

அந்த ஒத்திகை (--ட்ரை-ரன்) வரியைக் கட்டாயம் சேருங்கள், அப்படியானால் என் ஆட்சேபம் இல்லை. மீட்டலுக்கும் இரண்டு வரி தேவை. பல கணினிகள் ஒரே களஞ்சியத்தைப் பகிர்ந்தால் 'லேட்டஸ்ட்' (கடைசியாக எடுத்தது) என்பது வேறொருவருடைய நிலைப்பதிவாக இருக்கலாம். --ஹோஸ்ட், --பாத் இரண்டையும் கொடுக்க வேண்டும். --டார்கெட் /மீட்பு என்றால் கோப்புகள் முழுப் பாதையோடு அதற்குள் விழும். 'ஒன்றும் வரவில்லை' என்பவர்கள் பலர் உள்ளே இன்னும் நாலு கோப்புறை இறங்கிப் பார்க்காதவர்கள்.

கவ்வாத்துக்கு முன், களஞ்சியத்தைச் சரிபார்க்கும் 'செக்' ஓட்டச் சொல்லுங்கள். வெறும் 'செக்' அமைப்பை மட்டும் பார்க்கும், பொதிக்குள் இருப்பதை வாசிக்காது. --ரீட்-டேட்டா-சப்செட் 1/10, அடுத்த வாரம் 2/10 என்று சுற்றினால் பத்து வாரத்தில் எல்லாப் பொதியும் வாசிக்கப்பட்டுவிடும்.

அட்டனிலிருந்து:

பட்டியலுக்கு இப்படிப் போடுகிறேன்.

பெயர்நீக்கம்: நிலைப்பதிவைப் பட்டியலிலிருந்து எடுத்தல். தரவு இருக்கும், இடம் மிஞ்சாது.

கவ்வாத்து: எந்த நிலைப்பதிவும் சுட்டாத துண்டுகளைக் களஞ்சியத்திலிருந்து களைதல். களைந்ததை மீட்க முடியாது. ஒத்திகை பார்த்த பின்பே செய்க.

மண்சரிவு அபாயம் உள்ள இடங்களில் இருப்பவர்கள் 'கொப்பி' கட்டளையால் வெளியூரில் இரண்டாவது களஞ்சியம் வைத்திருப்பார்கள். நிலைப்பதிவுகள் அங்கே போய்ச் சேருமே தவிர இங்கே செய்த நீக்கம் போகாது, அங்கும் தனியாகப் பெயர்நீக்கம் செய்து கவ்வாத்து வெட்ட வேண்டும் என்பதையும் அடியில் எழுதிவிடுகிறேன். 'அன்லொக்' இன்னும் பாக்கி. 'பூட்டுநீக்கம்' என்றால் கடவுச்சொல் கொடுத்துத் திறப்பது போலக் கேட்கிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.